கல்வெட்டின் பின்பக்கம்

என் நாவலில் கொலைகாரன் யார் என்பது அது வெளியான அன்றைக்கே மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது. நயவுரைக்கு வந்த ஐயா நன்றாகப் படித்தவர். பாத்திர வார்ப்பு, மொழிநடை, மண்வாசனை என்று முறையாகப் பேசிக்கொண்டு வந்தார். பிறகு, "இறுதியில் பெறாமகன் முறையானவனே அவரைக் கிணற்றில் தள்ளினான் என்று நாம் அறியும்போது" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார். முன்வரிசையில் இருந்த மாமி ஒருவர் வாய்விட்டு "ஐயோ" என்றா. ஏற்புரைக்கு எழுதி வைத்திருந்த தாளை நான் மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன்.

ஆகவே இங்கே எதையும் ஒளிக்கப் போவதில்லை. புத்தகக்கடைக்காரி ஒருத்தி துப்பறிகிற மர்ம நாவலை யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு எழுதினால் எங்கெல்லாம் வழுக்கும் என்று நான் பட்டதைச் சொல்கிறேன். நயவுரைகாரரிடம் "முடிவை மட்டும் சொல்லிப்போடாதையுங்கோ" என்று முதலே சொல்லி வைத்திருக்க வேண்டும். அது என் பிழை. எங்கள் விழாக்களில் கதையை முழுக்கச் சொல்லிக் காட்டினால்தான் பேச்சாளர் வாசித்துவிட்டு வந்தார் என்று சபை நம்பும்.

கடை அப்பாவுடையது. நகரத்துக்குள், பஸ் நிலையத்தில் இருந்து நடக்கிற தூரத்தில், ஒரு ஒழுங்கை முகப்பில் இருக்கிறது. அவருக்கு முழங்கால் விட்டுப்போன பிறகு நான் கதிரையில் இருக்கிறேன். பாடசாலை தொடங்கும்போது கொப்பி, சித்திரைக்கு முன்னர் பஞ்சாங்கம், சோதனைக்கு முன்னர் கடந்தகால வினாத்தாள். மற்ற நாட்களில் ஈதான். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு வந்தது. சனமெல்லாம் பெற்றோல் வரிசையில் நின்றது. கடைக்கு யார் வருவார்? கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இருந்து முன்னுக்கு எழுதத் தொடங்கினேன்.

ஆங்கிலத்தில் இந்த வகைக்கு 'கோஸி மிஸ்டரி' என்று பெயர். சாவு இருக்கும், ஆனால் இரத்தம் பக்கத்தில் தெறிக்காது. ஊர் சிறியது, எல்லோரும் எல்லோரையும் அறிந்தவர்கள். துப்பறிகிற ஆள் பொலிசும் இல்லை, சம்பளத்துக்கு வேலை செய்கிற துப்பறிவாளரும் இல்லை. வெதுப்பகம் வைத்திருக்கிறவர், நூலகர், புத்தகக்கடைக்காரர் என்று வேறு பிழைப்பு உள்ள ஒருவர். தேத்தண்ணியும் கையுமாக வாசிக்கலாம். படுக்கப்போகும் முன் வாசித்தாலும் நித்திரை கெடாது.

என் கதாநாயகி மணியக்கா. ஐம்பது வயது, கலியாணம் கட்டாதவ, மூக்கின் நுனியில் கண்ணாடி. முதல் எழுத்தில் அவவை நல்ல வம்பளப்புக்காரியாக ஆக்கியிருந்தேன். எங்கள் ஊரில் துப்பறிவதற்குத் தனியாக ஆள் வேண்டுமா? ஒரு வீட்டுப் படலையடியில் புதுச் சைக்கிள் ஒன்று நின்றால், பின்னேரத்துக்குள் அது யாருடையது, என்ன அலுவலாக வந்தது என்று ஒழுங்கை முழுக்கத் தெரியும். மணியக்காவும் அப்படியே வருகிறவர் போகிறவரிடம் கதை பிடுங்கிக் கொலைகாரனைக் கண்டுபிடித்தா. எண்பது பக்கம் எழுதிவிட்டு வாசித்துப் பார்த்தேன். சப்பென்று இருந்தது. இதைத் தேத்தண்ணிக்கடைக்காரரும் செய்வார், ஓட்டோக்கார அண்ணையும் செய்வார், மீன் கொண்டு வருகிறவரும் செய்வார். பிறகென்னத்துக்குப் புத்தகக்கடை?

எண்பது பக்கத்தையும் வீசினேன். துப்பு கடைக்குள்ளே இருந்து வர வேண்டும். அந்தக் கதிரையில் இருந்து பழகிய கண்ணுக்கும் கைக்கும் மட்டும் தெரிகிற ஒன்றாக இருக்க வேண்டும். நீங்கள் தையற்காரரைத் துப்பறிய விட்டால் துணி பேச வேண்டும். அதைப் பிடித்த பிறகுதான் கதை அசைந்தது.

என்ன துப்பு? ஒரு கிழமை யோசித்தும் வரவில்லை. பிறகு மேல் அலுமாரியைத் துப்பரவாக்க ஏறினேன். ஒரு பெட்டி நிறையக் கல்வெட்டுகள். வெளியூரவர்களுக்குச் சொல்கிறேன்: இங்கே கல்வெட்டு என்பது அந்தியேட்டியன்று, முப்பத்தொராம் நாளில், வந்தவர்களுக்குக் கொடுக்கிற நினைவு நூல். இறந்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, தேவார திருவாசகம், யார் யாரைக் கட்டினார், பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று எல்லாம் இருக்கும். சில பழையவற்றில் வம்சாவளியை நான்கைந்து தலைமுறைக்கு விரித்திருப்பார்கள். அப்பா ஒன்றையும் எறிய மாட்டார். "உதுக்குள்ள ஊரே கிடக்கு, கறையான் பிடிக்காமப் பார்" என்பார். நூலகம் என்கிற இணைய எண்ணிம நூலகத்தில் இப்போது இவற்றையும் வருடிச் சேமிக்கிறார்கள். பொறுமை உள்ளவர்கள் அங்கே போய் ஒரு இரவை இழக்கலாம்.

கதை இப்படி வந்தது. இளைப்பாறிய தபாலதிபர் ஒருவர். பிள்ளைகள் இல்லை. தங்கை கனடாவில். இரண்டு பேருக்கும் பங்குள்ள காணி ஒன்று நல்லூர்ப் பக்கம் இருக்கிறது. தூரத்துப் பெறாமகன் ஒருவன் ஐரோப்பாவில் இருந்து நல்லூர்க் கோயில் திருவிழாவுக்கு வருகிறான். வரும்போதே 1963 ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்றும் கொண்டு வருகிறான். பூட்டனார் அந்தக் காணியைப் பெறாமகனின் ஆச்சிக்குச் சீதனமாகக் கொடுத்தார் என்று அதில் அச்சில் இருக்கிறது. தபாலதிபரோ, "என்னட்டையும் அந்தக் கல்வெட்டு இருக்கு, அதில அப்பிடி ஒண்டும் இல்லை, நாளைக்குக் கொண்டு வாறன், ஒரு போட்டோக்கொப்பி எடுத்துத் தா" என்று மணியக்காவிடம் சொல்லிவிட்டுப் போகிறார். அடுத்த நாள் காலை கிணற்றில் கிடக்கிறார். அவர் சொன்ன கல்வெட்டையும் காணவில்லை.

பெறாமகனின் கல்வெட்டு கள்ளம் என்று மணியக்கா எப்படிக் கண்டுபிடிக்கிறா? எழுத்தைப் பார்த்து. லை, னை, ணை, ளை எல்லாம் ஒரு காலத்தில் இப்போது போல இல்லை. கொம்பு தனியே முன்னுக்கு நிற்காது, எழுத்தின் தலையில் இருந்தே தும்பிக்கை போல வளைந்து வரும். ணா, றா, னா மூன்றும் அரவு தனியாக இல்லாமல் கீழே சுழித்திருக்கும். தமிழ்நாடு அரசு 1978 இல் ஆணை போட்டு மாற்றியது, எங்கள் பக்கத்து அச்சில் அது பிறகுதான் மெல்ல மெல்ல வந்தது. 1963 என்று தேதி போட்ட யாழ்ப்பாணத்துக் கல்வெட்டில் இன்றைய 'லை' இருந்தால் எங்கேயோ கணினியில் தட்டியிருக்கிறார்கள். பழைய புத்தகம் வாங்கி விற்கிறவளுக்கு இது கண்ணை மூடிக்கொண்டு தெரியும்.

துள்ளிக் குதித்தேன். கொண்டுபோய், எனக்குத் தமிழ் படிப்பித்த, இளைப்பாறிய ஆசிரியரிடம் காட்டினேன். அவர் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பிள்ளை, பெரியார் 1935 இலயே தன்ரை குடி அரசுப் பத்திரிகையில உந்த எழுத்தை மாத்திப்போட்டார். ஆராவது பகுத்தறிவுக்காரன் அச்சடிச்ச கல்வெட்டெண்டு கள்ளன் சொன்னால் உன்ரை மணியக்கா என்ன செய்வா?"

எனக்கு வாய் அடைத்துவிட்டது. ஆனால் அவர் சொன்னதுதான் நாவலைக் காப்பாற்றியது. ஒரு துப்பில் கதையைத் தொங்கப் போடக் கூடாது. வாசகரில் ஒருவர் எப்போதும் உங்களை விடக் கூடத் தெரிந்தவராக இருப்பார், யாழ்ப்பாணத்தில் அவர் பெரும்பாலும் இளைப்பாறிய ஆசிரியராக இருப்பார்.

இரண்டாவது துப்பைத் தேடி, முன்னாளில் அச்சுக்கோத்த ஐயா ஒருவரின் வீட்டுக்குப் போனேன். எண்பது தாண்டியவர். 1841 இலேயே உதயதாரகைப் பத்திரிகை அச்சடித்த குடாநாட்டில், ஈய எழுத்தைக் கையால் பொறுக்கிக் கோத்தவர்கள் இனி எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? கொண்டுபோன இரண்டு கல்வெட்டுகளையும் கொடுத்தேன், ஒன்று 1958 இல் வந்தது, மற்றது போன வருடத்தது. அவர் எழுத்தைப் பார்க்கவே இல்லை. தாளைப் புரட்டிப் பின்பக்கத்தைப் பெருவிரலால் மெல்லத் தடவினார். பிறகு என் கையைப் பிடித்து என் விரலை அதன் மேல் வைத்தார். பழையதில் சொரசொரவென்று இருந்தது, ஈய எழுத்து தாளை அழுத்திப் பின்னால் புடைத்திருந்தது. புதியது கண்ணாடி போல வழவழத்தது.

"கண்ணால பார்க்கிறவன் வாசகன். விரலால பார்க்கிறவன்தான் அச்சுக்காரன்," என்றார். பிறகு தொண்ணூறுகளில் கடதாசி வராத காலத்தில் கோடு போட்ட கொப்பித்தாளில் பத்திரிகை அடித்ததைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைத்தார். அது நாவலுக்கு வேண்டியதில்லை, ஆனால் எழுந்து வர மனம் வரவில்லை.

நாவலின் முக்கியமான கட்டத்தில் மணியக்கா செய்வது அதைத்தான். மெழுகுதிரிகூடக் கொளுத்துவதில்லை. மின்வெட்டு நேரத்து இருட்டுக்குள் விரலால் தடவிப் பார்க்கிறா.

இனி இதை எங்கே ஒளிப்பது? றொனால்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார், அவரும் துப்பறியும் கதை எழுதியவர்தான், 1929 இல் பத்து விதிகள் எழுதி வைத்தார். துப்பறிபவருக்குக் கிடைக்கிற தடயத்தை வாசகருக்கும் உடனே காட்ட வேண்டும் என்பது அதில் ஒன்று. தற்செயலும் காரணமில்லாத உள்ளுணர்வும் உதவக் கூடாது என்பது இன்னொன்று. என் முதல் எழுத்தில் மணியக்காவின் கனவில் முருகன் வந்து வேலால் கிணற்றைக் காட்டியிருந்தார். அதை வெட்டினேன். அம்மாவுக்குக் கொஞ்சம் கோபம்.

தடயத்தைக் காட்டவும் வேண்டும், அது தடயம் என்று தெரியவும் கூடாது. எனக்குச் சரிவந்த வழி அதை ஒரு கடை வேலைக்குள் புதைப்பது. மூன்றாம் அத்தியாயத்தில் கடைப் பெடியன், மறுபதிப்பு ஒன்றைப் பழைய பதிப்பு என்று நினைத்துக் கூடுதல் காசு கொடுத்து வாங்கிவிடுகிறான். மணியக்கா அவனுக்குப் பேசிப் பேசிப் பின்பக்கத்தைத் தடவக் காட்டுகிறா. அடுத்த வரியிலேயே மேசைக்குக் கீழே பூனை குட்டி போட்டிருப்பது தெரியவருகிறது. வாசித்தவர்கள் எல்லோரும் பூனையை ஞாபகம் வைத்திருந்தார்கள். விரலை ஒருவரும் வைத்திருக்கவில்லை.

கைப்பிரதியை ஐந்து பேருக்குக் கொடுத்தேன். "நல்லா இருக்கா என்று சொல்ல வேண்டாம், ஒவ்வொரு அத்தியாய முடிவிலும் யாரைச் சந்தேகப்படுகிறீர்கள் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கோ" என்றேன். எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் இதை நான் விடாமல் சொல்வேன். "நல்லா இருக்கு" என்ற சொல்லை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, பென்சில் பெயரை வைத்துக் கதையையே திருத்தலாம். நான்கு பேர் முதல் பாதி முழுக்க, கதையில் காணி உறுதி எழுதுகிற நொத்தாரிசைத்தான் எழுதியிருந்தார்கள். அவரை நான் அப்பாவியாக எழுதியிருந்தேன்! காணிப் பிரச்சினை என்றால் எங்கள் சனத்துக்கு முதல் சந்தேகம் அங்கேதான். சரி, அதையே பாவிப்போம் என்று அவரை இன்னும் இரண்டு இடத்தில் திருதிருவென்று முழுசப் பண்ணினேன்.

ஐந்தாவது ஆள் சென்னையில் இருக்கிற சிநேகிதி. அவவால்தான் இன்னொரு ஓட்டை தெரிந்தது. சம்பவ நாள் நல்லூர்த் தேர், திருவிழாவின் இருபத்துநான்காம் நாள். தான் கோயிலில் நின்றதாகப் பெறாமகன் சொல்கிறான், ஐம்பது ரூபாய் கொடுத்து அர்ச்சனைச் சீட்டு வாங்கினேன் என்றும் சொல்கிறான். எங்கள் ஆட்கள் அந்த வரியிலேயே ஓரத்தில் அவன் பெயரை எழுதிவிட்டார்கள். நல்லூரில் அர்ச்சனை ஒரு ரூபாய் என்று இங்கே பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். சிநேகிதிக்கு ஐம்பது ரூபாயில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. உள்ளூருக்கு மிக லேசு, வெளியூருக்கு முடியவே முடியாது. இரண்டாம் அத்தியாயத்தில் தபாலதிபரை விட்டு "கொழும்பில தேத்தண்ணிக்கு நூறு ரூவா, எங்கட கந்தனுக்கு இண்டைக்கும் ஒரு ரூவாதான்" என்று பெருமையடிக்க வைத்தேன். பெறாமகன் சொன்ன தொகையை எடுத்துவிட்டு, "சீட்டுக்குக் கொடுத்த தாளுக்கு மிச்சம் தரவில்லை" என்று மட்டும் முறைப்பட விட்டேன். இப்போது இரண்டு பக்கத்துக்கும் ஓரளவு சமம்.

தொழில் தெரிந்தவர்களிடம் கேட்காமல் எழுதினால் மானம் போகும். நொத்தாரிசு வேலை செய்கிற சிநேகிதி கைப்பிரதியை வாசித்துவிட்டுச் சிரித்தாள். காணி கைமாறுவதென்றால் நொத்தாரிசு முடித்த உறுதி வேண்டும், கல்வெட்டில் என்ன அச்சடித்திருந்தாலும் வழக்குக்கு உதவாது என்றாள். கதையே படுத்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு அவளே வழி சொன்னாள்: "நீதிமன்றத்தை நம்ப வைக்கத் தேவையில்லையடி. கனடாவில இருக்கிற தங்கச்சியை நம்ப வைச்சால் காணும். அவ மனச்சாட்சிக்குப் பயந்து, தனக்காக அவனே கையெழுத்துப் போடலாம் எண்டு அற்றோர்னித் தத்துவம் எழுதிக் குடுத்திடுவா." ஒல்லாந்தர் 1707 இல் தொகுத்த தேசவழமை, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டம், இன்னும் உயிரோடு இருக்கிறது. பங்காளி தன் பங்கை வெளியாளுக்கு விற்க முன் மற்றப் பங்காளிக்கு அறிவிக்க வேண்டும். தபாலதிபர் உயிரோடு இருக்கும்வரை சத்தமில்லாமல் விற்க முடியாது என்பதும் அவள் தந்ததுதான். கொலைக்கான காரணம் அதோடு இறுகியது.

இன்னொரு மானக்கேடு. கிணற்றில் விழுந்து செத்தவரை அடுத்த நாளே கோம்பயன்மணலுக்குக் கொண்டுபோய் எரித்துவிட்டேன். பொலிசுக்கு அறிவித்து, திடீர் மரண விசாரணை அதிகாரி வந்து பார்த்து, தேவையென்றால் போதனா வைத்தியசாலையில் சட்ட வைத்திய அதிகாரி உடற்கூற்றுப் பரிசோதனை செய்த பிறகுதான் சடலம் வீட்டுக்கு வரும். உதயன், வலம்புரி என்று பத்திரிகை வாசிக்கிற எவருக்கும் தெரிந்த விஷயம் எனக்கு எழுதும்போது மறந்துபோனது. கிணற்றில் தவறி விழுந்ததாகவே விசாரணை முடிந்தது, மணியக்காவுக்கு மட்டும் மனம் ஆறவில்லை என்று மாற்றினேன்.

இதெல்லாம் திருத்தக்கூடிய பிழைகள். வேறொன்று இருந்தது. முதலில் என் கதை சாவில் தொடங்கவில்லை, தபாலதிபர் காணாமல் போவதில் தொடங்கியது. விடியக் கதிரையில் கண்ணாடி கிடக்கிறது, ஆள் இல்லை. எனக்கு அந்தத் தொடக்கம் நல்ல பிடிப்பு. ஒரு நாள் கடையில் ஒரு அம்மா கடித உறை வாங்கிக்கொண்டு நின்றா. மகனைத் தேடி எத்தனையோ வருடமாக மனு எழுதுகிறவ. மேசையில் கிடந்த தாளில் முதல் வரியை வாசித்துவிட்டு, "ஆள் காணாமல் போறதை விளையாட்டாய் எழுதுறியே பிள்ளை?" என்று மட்டும் கேட்டா. கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அன்றிரவே அந்தத் தொடக்கத்தை எடுத்துவிட்டேன். இந்த வகை நாவல் இங்கிலாந்துக் கிராமத்தில் சுகமாக நிற்பதற்கு ஒரு காரணம், அங்கே சாவு ஒரு விதிவிலக்கு. இங்கே அப்படி இல்லை. அதற்காக எழுதக் கூடாது என்று நான் நினைக்கவில்லை. எந்தக் கதவைத் திறக்கிறோம் என்று தெரிந்து திறக்க வேண்டும். 1981 இல் பொது நூலகத்தோடு எரிந்த தொண்ணூற்றேழாயிரம் புத்தகங்களைப் பற்றியும் நான் அத்தியாயம் எழுதவில்லை. ஒரு கிழவர் கடைக்கு வந்து புத்தகம் கேட்கிறார், ஒவ்வொரு முறையும் "அது லைபிறரியில இருந்தது" என்று முடிக்கிறார். மணியக்கா ஒவ்வொரு முறையும் "தேடிப் பாக்கிறன் ஐயா" என்கிறா. அவ்வளவுதான்.

அச்சுக்கு வந்த கதை சின்னது. முந்நூறு பிரதி அடித்தேன். முதல் மெய்ப்பில் பெறாமகனின் பெயர் இரண்டு இடத்தில் தபாலதிபரின் பெயராக இருந்தது, கொலையுண்டவரே கொலையும் செய்திருந்தார். மெய்ப்பை வேறு ஆளிடம் கொடுங்கள். விழாவில் காசு வைத்துத் தந்த உறைகளோடு எண்பது பிரதி போனது. முடிவு தெரிந்தும் வாங்குகிறார்கள், அது எனக்கு ஆச்சரியம்தான். சிலர் கடையில் நின்றபடியே மூன்றாம் அத்தியாயத்தைத் திறந்து பூனைக்கு முந்தின வரியைத் தேடுகிறார்கள்.

அச்சுக்கோத்த ஐயாவால் விழாவுக்கு வர முடியவில்லை. அடுத்த கிழமை பிரதி கொண்டுபோய்க் கொடுத்தேன். அட்டையைப் பார்த்தார், திறந்தார், ஒரு தாளைப் புரட்டிப் பின்பக்கத்தைத் தடவினார்.

"மொழுமொழுவெண்டு கிடக்கு பிள்ளை."

"ஓம் ஐயா. ஓப்செற் அச்சு."

"கள்ளக் கல்வெட்டு மாதிரி," என்று சிரித்தார். சாய்மனைக் கதிரையில் சரிந்து முதல் பக்கத்தை எடுத்தார். நான் முந்திக்கொண்டு, விழாவில் நடந்ததைச் சொல்லி, இனி ஊரில் எல்லோருக்கும் தெரியும் என்று தொடங்கினேன். அவர் புத்தகத்தில் இருந்து கண்ணை எடுக்காமல் கையை உயர்த்தினார்.

"எனக்குச் சொல்லாதை."